அடைக்கலம் அளித்த ஜாம்நகர் வேந்தர்

பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டுப் பாரி வள்ளலைக் கொன்ற பின்னர், அவன் மகளிர் இருவரையும் கபிலர் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த வரலாற்றைத் தமிழறிந்தார் அனைவரும் அறிவர். விச்சிக்கோனிடம் சென்றார், அவன் ஏற்கவில்லை. இருங்கோவேளிடம் சென்றார், அவனும் ஏற்கவில்லை. போரினால் வீடிழந்த இரண்டு பெண்களுக்கு இடங்கொடுக்க, முடியுடை வேந்தரின் பகைக்கு அஞ்சிய குறுநில மன்னர் எவருக்கும் மனம் வரவில்லை. கபிலர் அம்மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்புவித்துவிட்டு வடக்கிருந்து உயிர் துறந்தார். புலவர் பெருமானின் புலமை, கதவடைத்த மன்னர் இருவர் முன் பயன்படாமற் போயிற்று என்பதே அவ்வரலாற்றில் நம் நெஞ்சை அறுக்கும் இடம்.

அத்தகைய குழந்தைகள் இருவர் அல்லர், பல நூற்றுவர், கடல் கடந்த தேசத்தவர், மொழியும் சமயமும் வேறாயினர், நம் நாட்டு மன்னர் ஒருவரின் வாயிலுக்கு வந்தபோது நிகழ்ந்ததை இம்மலரில் எழுத விழைகின்றேன். அம்மன்னர் நவாநகர் சமஸ்தானத்து ஜாம் சாகிப் திக்விஜயசிங் ரஞ்சித்சிங் ஜடேஜா. படைத்துறையில் பணிபுரிந்தோர் இல்லங்கள் நிறைந்த நம் சைனிக்புரியில் அவர் வரலாற்றைச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கத்தியவார் தீபகற்பத்தில், கட்ச் வளைகுடாவின் தென்கரையில் அமைந்தது நவாநகர் சமஸ்தானம். அதன் தலைநகர் ஜாம்நகர். ஜாம் என்பது அங்கு ஆண்ட ஜடேஜா இராஜபுத்திரரின் பட்டப்பெயர். கிரிக்கெட் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ரஞ்சித்சிங்கை அறியாதார் இலர். அவருக்கு மகப்பேறு இல்லை. ஆகவே தம் உடன்பிறந்தாரின் மகனைத் தத்தெடுத்தார். அம்மைந்தரே 1895ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் பிறந்த திக்விஜயசிங். இராஜ்கோட்டில் இராஜகுமாரர் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் மால்வர்ன் கல்லூரியிலும், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்றார். தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர் இவர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

அரண்மனைச் சுகத்தில் இருந்தவர் என்று அவரை ஒதுக்கிவிட இயலாது. 1919இல் படையில் இரண்டாம் லெப்டினென்டாகச் சேர்ந்தார். நேப்பியர் ரைபிள்ஸ் படைப்பிரிவுடன் இணைக்கப்பெற்று எகிப்தியப் படையணியில் பணியாற்றினார். 1922 முதல் 1924 வரை வசிரிஸ்தான் மலைப்பகுதியில் இருந்தார். கேப்டன் பதவியுடன் 1931இல் நேரடிப் பணியினின்றும் விலகினார். இரண்டாண்டுகள் கழித்து, 1933 ஏப்ரலில் ரஞ்சித்சிங் காலமாக, இவர் அரியணை ஏறினார். பின்னர் மன்னர் மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசின் போர் அமைச்சரவையில் இந்திய மன்னர்களின் சார்பில் அமர்ந்தார். ஆங்கிலேயருக்கு அணுக்கமானவர் என்று தேசியவாதிகள் அவரைக் குறைகூறியதுண்டு. அக்குறையில் உண்மை இல்லை என்று நான் வாதிட வரவில்லை.

இனிக் குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

1939 செப்டம்பர் முதல் நாள் மேற்கிலிருந்து ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது. அம்மாதம் 17ஆம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் ரஷியா நுழைந்தது. இரு வல்லரசுகளுக்கு நடுவே அந்நாடு பிளவுண்டது. கிழக்குப் பகுதியில் இருந்த போலந்தியருள் இலட்சக்கணக்கானோரை, 1940 பிப்ரவரி தொடங்கி நான்கு தவணைகளில், சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சைபீரியாவுக்கும் கசாக்கிஸ்தானுக்கும் அனுப்பினர். நள்ளிரவில் கதவைத் தட்டுவர். மூட்டை கட்டச் சிறிது நேரம் கொடுப்பர். பின்னர் வாரக்கணக்கில் புகைவண்டிப் பயணம். மரம் வெட்டும் முகாம்களிலும் கூட்டுப் பண்ணைகளிலும் குளிரும் பசியும் முதியோரையும் குழந்தைகளையும் முதலில் விழுங்கின.

1941 ஜூனில் ஜெர்மனி ரஷியாவையே தாக்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. நேற்றுவரை கைதிகளாயிருந்த போலந்தியர் இன்று நேச நாட்டினர் ஆயினர். ஜூலை 30ஆம் நாள் இலண்டனில் இருந்த போலந்து அரசுக்கும் மாஸ்கோவுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. முகாம்களின் வாயில்கள் திறந்தன. ஆனால் திறந்த வாயிலின் வெளியே சோறில்லை, வண்டியில்லை, வீடில்லை. தெற்கே போலந்துப் படை திரட்டப்படுகின்றது என்னும் செய்தி கேட்டு மக்கள் உஸ்பெகிஸ்தான், துர்க்மேனியா நோக்கி இறங்கினர். அங்கே விஷக்காய்ச்சல் காத்திருந்தது. தாய்மார் தம் குழந்தைகளைப் படையினர் நடத்திய அனாதை விடுதிகளின் வாயிலில் விட்டுச் சென்றனர். விடுதிக்குள் போனால் ஒருவேளை உணவாயினும் கிடைக்கும் என்பதே காரணம். பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே அனாதையெனப் பதிவான குழந்தைகளும் அக்கூட்டத்தில் இருந்தனர்.

1942இல் காஸ்பியன் கடல் வழியாக ஈரானுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பதினைந்தாயிரம் போலந்தியர் வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் படைவீரர். எஞ்சியோர் பெண்டிரும் குழந்தைகளும். படைவீரருக்குப் போர்க்களம் இருந்தது. குழந்தைகளை எங்கே வைப்பது? நேச நாடுகளின் அலுவலகங்களிடையே கடிதங்கள் பறந்தன. இடம் இல்லை, பணம் இல்லை, பொறுப்பு யாருடையது என்று தெரியவில்லை என்னும் வகையான கடிதங்கள் அவை. அலுவலகங்களில் பணிபுரிந்தோர்க்கு அவ்வகைக் கடிதங்களின் நடை நன்கு பழக்கமானதே.

அந்நிலையில்தான் ஜாம் சாகிப் தம் சமஸ்தானத்தில் அவர்களை வைத்துக்கொள்வதாக முன்வந்தார். போலந்துத் தளபதியும் பிரதமருமான சிக்கோர்ஸ்கியை இலண்டனில் அவர் அறிந்திருந்தார். ரஞ்சித்சிங்குடன் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது போலந்தின் புகழ்பெற்ற பியானோ மேதை பதெரெவ்ஸ்கியை அண்டை வீட்டாராகக் கண்டு பழகியதால் அந்நாட்டின்மேல் அவருக்கு அன்பு வேரூன்றியது என்றும் சொல்வர். காரணம் எதுவாயினும், கேட்கப்படுமுன் கொடுத்தவர் அவர். மன்னர் மன்றத்தின் தலைவர் என்ற முறையில் ஏனைய சமஸ்தானாதிபதிகளிடமும் பொருளுதவி வேண்டினார், நிதி திரண்டது.

முதற் குழந்தைகள் வந்த வழியைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பம்பாயிலிருந்த போலந்துத் தூதர் பனாசின்ஸ்கியும் அவர்தம் துணைவியார் கீராவும் ஏற்பாடு செய்த லாரிகள் உணவும் மருந்தும் உடையும் ஏற்றிக்கொண்டு, பலூசிஸ்தானத்தின் பாலையையும் ஈரானின் மலைகளையும் கடந்து, ரஷிய எல்லையில் உள்ள அஷ்காபாத் நகருக்குச் சென்றன. பொருளை இறக்கிய லாரிகள் வெறுமனே திரும்பலாகாது என்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. வார்சா நகரின் பெயர்பெற்ற பாடகியான ஹாங்கா ஓர்தொனுவ்னா, தாமே நோயுற்றிருந்தும், அக்குழந்தைகளுடன் வந்தார். அலைந்த அக்குழந்தைகளைப்பற்றிப் பின்னர் நூலொன்றும் எழுதினார். மஷாத், சாகிதான், குவெட்டா வழியாக நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் 1942ஆம் ஆண்டின் கோடையில் பம்பாய் வந்து சேர்ந்தனர். ஜாம்நகரில் கட்டடங்கள் முடியும்வரை பாந்திராவில் தங்கினர்.

இவ்விடத்தில் சற்றே நின்று, அதே 1942ஆம் ஆண்டில் நம்மவர் நிலை என்னவாக இருந்தது என்பதை நோக்க வேண்டும். மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. பர்மாவில் பிழைக்கச் சென்ற தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், காடும் மலையும் கடந்து கால்நடையாக இந்தியா நோக்கி வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவ்வழியிலும் ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்ற பாகுபாடு இருந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் அரசு அலுவலகங்களே ஊரைவிட்டு வெளியேறின. மறு ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் வந்தது.

நம் மக்கள் நடந்தே மாளுகையில் வெள்ளைக் குழந்தைகளுக்கு மாளிகையா என்று அந்நாளில் எவரேனும் கேட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் பர்மா நடையைப் பற்றிப் பாட்டன்மார் சொல்லக் கேட்டோர் இருக்கலாம். எனினும் அந்தக் கேள்வியின் கூர்முனை ஜாம்நகரை நோக்கித் திரும்ப வேண்டியதன்று என்பதே என் கருத்து. வெள்ளையர் பேரரசு நம்மவரை நிறம் பார்த்து வழி பிரித்த அதே மாதங்களில், நம்மவர் ஒருவர் வெள்ளையர் குழந்தைகளை நிறம் பாராமல் ஏற்றார். வெட்கப்பட வேண்டியவர் எவர் என்பது வெளிப்படை.

ஜாம்நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில், பாலாச்சடி என்னும் சிற்றூர் உள்ளது. மன்னரின் கோடைக்கால மாளிகை அங்கிருந்தது. அதன் அருகே நீண்ட விடுதிக் கட்டடங்களை எழுப்பினார். 1942 ஜூலையில் குழந்தைகள் குடிபுகுந்தனர். தொடர்ந்து மேலும் பல தொகுதியினர் வந்தனர். மொத்த எண்ணிக்கையை அறுநூற்றுச் சொச்சம் என்பாரும் ஆயிரம் என்பாரும் உளர். சிலர் சில காலமே தங்கிப் பிற முகாம்களுக்குச் சென்றமையால் கணக்கு வேறுபடுகின்றது.

வந்து இறங்கிய குழந்தைகள் எலும்புருவாய் இருந்தனர். தலை மழிக்கப்பட்டிருந்தது. ரொட்டித் துண்டைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் பழக்கம் நெடுநாள் அவர்களைவிட்டு நீங்கவில்லை. அவர்களை வரவேற்ற ஜாம் சாகிப், இனி நீங்கள் அனாதைகள் அல்லீர், நவாநகரத்தார் ஆவீர், நான் நவாநகர மக்கள் அனைவர்க்கும் பாப்பூ ஆதலின் உங்களுக்கும் பாப்பூ ஆவேன் என்னும் கருத்துப்பட அவர்களிடம் பேசினார். குஜராத்தி மொழியில் பாப்பூ என்றால் தந்தை. அச்சொல் அக்குழந்தைகளின் நாவில் ஒட்டிக்கொண்டது. எண்பது வயதிலும் அவர்கள் அவரை அப்பெயராலேயே குறிப்பிட்டனர்.

சோறும் துணியும் கொடுப்பவர் உலகில் பலர். ஜாம் சாகிப் செய்த பெருஞ்செயல் அஃதன்று என்பேன். அக்குழந்தைகளை அவர் தம்மவராக ஏற்றாரே தவிர, தம்மைப்போல் ஆக்க முயலவில்லை. முகாமில் போலந்துக் கொடி பறந்தது. பாடம் போலிஷ் மொழியில் நடந்தது. தம் விருந்தினர் மாளிகையைப் பள்ளிக்கு ஒதுக்கினார். வழிபாட்டுக்கு ஆலயம் இருந்தது. முகாமின் தலைவராகப் புளூட்டா என்னும் போலந்துப் பாதிரியாரே இருந்தார். சாரணர் அணி, நாடகம், நாட்டுப்பாடல், கால்பந்து யாவும் நடந்தன. கிறிஸ்துமஸ் நாடகத்தைக் காண இந்து மன்னர் முன்வரிசையில் வந்து அமர்ந்தார். அயலூரில் வாழும் நாம், தமிழ் எழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஞாயிறுதோறும் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அந்தப் போலிஷ் வகுப்பறையின் அருமை விளங்கும். உயிரைக் காத்தவர் மொழியையும் காத்தார். அதனாலன்றோ அவர்கள் பின்னர் எந்நாடு சென்றாலும் போலந்தியராகவே சென்றனர்!

சமையலில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டுக் காரம் அக்குழந்தைகளின் நாவுக்கு ஒவ்வவில்லை. ஆகவே ஐரோப்பிய உணவு சமைக்கத் தெரிந்த கோவாச் சமையற்காரர் வரவழைக்கப்பெற்றனர். அவர்கள் உடலுக்கு நல்லதென்று பசலைக்கீரையை ஓயாமல் பரிமாறினர். குழந்தைகள் பொறுத்துப் பார்த்தனர். ஒருநாள் வேலைநிறுத்தம் செய்துவிட்டனர். ஓராண்டுக்கு முன்னர் பட்டினியால் வாடியவர்கள் இன்று கீரை வேண்டாம் என்று தட்டைத் தள்ளினர். செய்தி ஜாம் சாகிப்பின் செவிக்கு எட்டிற்று. பிறர் சினந்திருப்பர், நன்றி மறந்தவர்கள் என்று வைதிருப்பர். அவரோ இனிப் பசலைக்கீரை சமைக்க வேண்டா எனக் கட்டளையிட்டார். அடைக்கலம் புகுந்தவன் எதைக் கொடுத்தாலும் உண்ண வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது கொடுப்போர் பலரின் இயல்பு. தம் வீட்டுப் பிள்ளை கீரையை ஒதுக்கினால் எவரும் நன்றி கெட்டவன் என்பதில்லை. பாப்பூ என்னும் சொல்லுக்கு அவர் தந்த பொருள் இக்கீரை விவகாரத்தில்தான் எனக்கு நன்கு தெரிகின்றது.

பாலாச்சடியைப் பின்பற்றி, 1943இல் கோலாப்பூரை அடுத்த வலிவடேயில் ஏறத்தாழ ஐயாயிரம் போலந்தியர்க்குப் பெரிய குடியிருப்பு ஒன்று எழுந்தது. நியூசிலாந்தும் மெக்சிகோவும் ஆப்பிரிக்க நாடுகள் சிலவும் இவ்வாறே குழந்தைகளை ஏற்றன. இந்தியாவில் அக்குழந்தைகளுக்கு உதவியவர்களுள் வாந்தா தினோவ்ஸ்கா என்னும் போலந்து அம்மையாரும் ஒருவர். திருவண்ணாமலை இரமண மகரிஷியை நாடி வந்து உமாதேவி எனப் பெயர் பெற்றவர். இந்திய இலக்கியத்தைப் போலிஷ் மொழியில் வெளியிடும் நூல்வரிசையை அவர் சென்னையிலிருந்துதான் நடத்தினார். தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இங்ஙனம் ஒரு சிறு பங்கு உண்டு.

1945இல் போர் முடிந்தது. ஆனால் குழந்தைகளின் இடர் முடியவில்லை. போலந்தில் சோவியத் சார்பான புதிய ஆட்சி அமைந்தது. ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் அதனை ஏற்று, இலண்டனில் இருந்த பழைய அரசைக் கைவிட்டன. குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று புதிய ஆட்சி கோரியது. தம்மைச் சைபீரியாவுக்கு ஓட்டியவர்களின் நிழலுக்கே மீண்டும் செல்வதா என்று பலர் அஞ்சினர். அவர்கள் பிறந்த ஊர்களோ சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. திரும்புவதற்கு ஊரே இல்லை.

அப்போது ஜாம் சாகிப்பும் புளூட்டா பாதிரியாரும் முகாமின் பிரிட்டிஷ் தொடர்பு அலுவலரும் சேர்ந்து, திரும்ப விரும்பாத அனாதைக் குழந்தைகளைச் சட்டப்படி தத்தெடுத்தனர். தத்துப்பிள்ளையாக அரியணை ஏறியவர், தத்துரிமையையே கேடயமாகப் பிடித்தார்! தகப்பன் இருக்கும் பிள்ளையை எந்த அரசும் வலிந்து கொண்டுசெல்ல இயலாதன்றோ? நவாநகர் போன்ற சமஸ்தானம் எத்தனை நாள் நிற்கும் என்பது ஐயமாயிருந்த காலத்தில், தம் அதிகாரம் மறையுமுன் அதனைக் கொண்டு ஆகக்கூடியதை அவர் செய்துவிட்டார். 1946இல் பாலாச்சடி முகாம் மூடப்பெற்று, குழந்தைகள் வலிவடேக்குச் சென்றனர். அங்கிருந்து 1948க்குள் சிலர் போலந்துக்கும் ஏனையோர் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் சென்றனர்.

அவருடைய பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்வேன். 1947இல் தம் சமஸ்தானத்தை இந்தியாவுடன் இணைத்தார். 1948இல் அமைந்த சௌராஷ்டிர இராஜ்யத்தின் இராஜப்பிரமுகராக 1956 வரை இருந்தார். சோமநாதர் ஆலயத் திருப்பணியில் முன்னின்றார். ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியக் குழுவில் இடம்பெற்று, போரில் சிதைந்த கொரியாவின் மறுவாழ்வுக்கு நிதி திரட்டும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1966 பிப்ரவரி 3ஆம் நாள் தம் எழுபதாம் வயதில் காலமானார்.

இதற்கு என்ன கைம்மாறு வேண்டும் என்று சிக்கோர்ஸ்கி வினவியபோது, போலந்து விடுதலை பெற்றபின் வார்சாவில் ஒரு தெருவுக்குத் தம் பெயரை இட்டால் போதும் என்று ஜாம் சாகிப் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. சிக்கோர்ஸ்கி 1943இல் விமான விபத்தில் மாண்டார். சோவியத் சார்பான ஆட்சி நடந்த நாற்பது ஆண்டுகளும் அக்குழந்தைகளின் கதையையே போலந்தில் உரக்கச் சொல்ல இயலவில்லை. தெருப் பெயருக்கு எங்கே போவது? 1989இல் ஆட்சி மாறியபின் வார்சாவில் பள்ளி ஒன்று அவரைத் தன் காவலராக ஏற்றுக்கொண்டது. பின்னர் நகரின் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் எனப் பெயரிட்டனர். அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 2016இல் போலந்து நாடாளுமன்றம் அவரைப் போற்றித் தீர்மானம் நிறைவேற்றிற்று.

போரால் பெயர்ந்து வந்தோரை ஏற்பது நம் தமிழ்நாட்டுக்கும் புதிதன்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த நம் உடன்பிறப்புகள் மண்டபம் முகாமிலும் பிற முகாம்களிலும் தங்கினர். அவர்களுட் பலர்க்கு முகாமிலேயே பிள்ளைகளும் பேரர்களும் பிறந்தனர். 2021இல் அவற்றுக்கு அகதி முகாம் என்ற பெயரை நீக்கி மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. பெயர் மாற்றம் நன்றே. ஒரே மொழி பேசும் உறவினராக இருந்தும், பாலாச்சடிக் குழந்தைகள் முதல் நாளிலேயே பெற்றதை, அஃதாவது இவர் எங்கள் வீட்டார் என்னும் சொல்லை, அவர்கள் எத்தனை ஆண்டு காத்திருந்து பெற வேண்டியதாயிற்று என்று எண்ணுங்கால் சற்றே தலை குனிகின்றது.

தொடக்கத்தில் வேறொரு காரணம் உண்டு என்றேன். நம் அமராவதி நகரில் 1962இல் சைனிக் பள்ளி தோன்றியதற்கு முந்தைய ஆண்டில், ஜாம்நகரிலும் ஒரு சைனிக் பள்ளி தோன்றியது. 1965இல் அது பாலாச்சடிக்கு இடம் மாறியது. போலந்துக் குழந்தைகள் வாழ்ந்த அதே நிலத்தில்தான் அப்பள்ளி இருக்கின்றது. 2018இல் அம்முகாமில் வளர்ந்தோர் சிலர், முதிர்ந்த பருவத்தினராய், போலந்திலிருந்து அங்கு வந்து தாம் ஓடியாடிய இடங்களைக் கண்டு சென்றனர். நம் காலனியில் ஜாம்நகரின் படைத்தளங்களில் பணியாற்றியோரும், இனி அப்பக்கம் மாற்றலாகிச் செல்லும் மக்களை உடையோரும் இருப்பர். துவாரகைக்கும் சோமநாதத்துக்கும் செல்லும் வழியில் அரைநாள் ஒதுக்கினால் பாலாச்சடிக் கடற்கரையையும் கண்டு வரலாம்.